அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகம்: எந்த உதவியை நம்பி விண்ணப்பிப்பது?

பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளையை இளங்கலைப் படிப்புக்கு அமெரிக்கா அனுப்ப யோசிக்கும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எந்தக் காலேஜில் ஃபீஸ் கம்மி?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அது நம்மைத் தவறான பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடும். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் முன்னணிக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்ததும் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறோம். பிறகு 55,000 டாலர் கேட்கும் கல்லூரி ஒன்று 20,000 டாலர் ஸ்காலர்ஷிப் தருகிறது என்றதும் சந்தோஷப்படுகிறோம். மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு, இடம் மட்டும் கிடைத்துவிட்டால், அந்த 90,000 டாலர் கல்லூரிதான் மலிவாக முடியும். 55,000 டாலர் கல்லூரி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும்.

ஏன் இப்படி? பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் புரியும். ஹார்வர்டின் அறக்கட்டளை நிதி மட்டும் 5,000 கோடி டாலருக்கு மேல். அந்த நிதியின் வருவாயிலிருந்து மாணவர்களுக்கு உதவி செய்ய முடிகிறது. அவ்வளவு சொத்து இல்லாத தனியார் கல்லூரிகள் மாணவர் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. அவை தரும் ஸ்காலர்ஷிப்பில் பெரும்பகுதி, அறிவித்த விலையில் செய்யும் தள்ளுபடி. கல்லூரி நிதி அலுவலர்களின் சங்கமான நாகுபோ 2023-24 கல்வியாண்டுக்கு எடுத்த கணக்கில், லாப நோக்கற்ற தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களிடம் அறிவித்த கட்டணத்தில் சராசரியாக 56 சதவீதத்தை விட்டுக்கொடுத்திருந்தன. ஆக, 20,000 டாலர் ஸ்காலர்ஷிப் என்று கடிதம் வந்தால் அது பிள்ளையின் திறமைக்கான பாராட்டு மட்டுமல்ல, அந்தக் கல்லூரியின் வழக்கமான விலையும்கூட.

சரி, தேர்வுகள் என்னென்ன? குடும்பத்தின் தேவையை அளந்து தரும் உதவி ஒன்று. மதிப்பெண்ணையும் சாதனையையும் பார்த்துத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் ஒன்று. கல்விக் கடன் மூன்றாவது. வளாக வேலையையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அது கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. அதனால் கணக்கில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேவை சார்ந்த உதவிதான் நம்மவர்கள் குறைவாகப் புரிந்துகொண்டது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். கல்லூரி முதலில் முழுச் செலவைக் கணக்கிடுகிறது. பிறகு உங்கள் வருமானம், சேமிப்பு, சொத்து, வீட்டில் எத்தனை பேர் என்பதையெல்லாம் பார்த்து, இந்தக் குடும்பத்தால் ஆண்டுக்கு இவ்வளவு தர முடியும் என்று ஒரு தொகையை முடிவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் தேவை. அந்தத் தேவையை முழுவதும் நிரப்புவோம் என்று உறுதி சொல்லும் கல்லூரிகள் உண்டு, ஒரு பகுதியை மட்டும் தருபவை உண்டு, வெளிநாட்டு மாணவருக்கு எதுவுமே தராதவையும் உண்டு. கார்னகி மெலன் அந்தக் கடைசி வகை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உலகப் புகழ் பெற்றது என்றாலும், வெளிநாட்டிலிருந்து இளங்கலைக்கு வருபவருக்கு அங்கே நிதி உதவி கிடையாது.

விண்ணப்பிக்கும் வழி பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைல். காலேஜ் போர்டு நடத்தும் ஆன்லைன் படிவம் அது. வருமான வரிக் கணக்கு, படிவம் 16, வங்கி இருப்பு, வீடு, நிலம், சொந்தத் தொழில் எல்லாம் கேட்பார்கள். விவசாய வருமானமும் வாடகையும் வரிக் கணக்கில் வராவிட்டாலும் இங்கே எழுத வேண்டும். இந்த இடத்தில் மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் ஆவணம் கேட்டுச் சரிபார்ப்பார்கள், பொருந்தவில்லை என்றால் உதவி மட்டுமல்ல, இடமே போகலாம். முதல் கல்லூரிக்கு 25 டாலரும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலரும் கட்டணம். அந்தத் தொகையே சுமை என்றால் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவோ வேறு படிவத்தை ஏற்கவோ பலர் தயாராக இருக்கிறார்கள்.

இப்போது சில கல்லூரிகளின் வருமான வரம்புகளைப் பாருங்கள். 2025-26 முதல் ஹார்வர்டில், ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குள் இருக்கும் குடும்பம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 2,00,000 டாலருக்குள் என்றால் படிப்புக் கட்டணம் இல்லை. எம்ஐடியும் அதே ஆண்டிலிருந்து ஏறத்தாழ இதே வரம்புகளை வைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் சொத்து வழக்கமான அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இரண்டு இடத்திலும் வெளிநாட்டு மாணவருக்கும் இதே விதிதான். ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வருமானம் என்பது டாலரில் சுமார் 20,000. நம் ஊரில் வசதியான நடுத்தரம் என்று எண்ணப்படும் குடும்பம், இந்தக் கணக்கில் வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது. "எங்களுக்கெல்லாம் உதவி தர மாட்டார்கள், நாங்கள் ஏழை இல்லையே" என்று பெற்றோர் சொல்லிக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஒரு படிவத்தைக்கூட நிரப்பாமல் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

இந்தக் கல்லூரிகளுக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது, விண்ணப்பிக்கும் முன் அதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்கின்றன. 2022-ல் டார்ட்மவுத்தும் போடனும் அந்த வரிசையில் சேர்ந்தன. 2025-ல் சேர்ந்த வகுப்பிலிருந்து பிரவுனும் அப்படித்தான். இங்கே எவ்வளவு உதவி கேட்டாலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையாது. ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, கார்னெல், வில்லியம்ஸ் போன்றவையும் சேர்த்துக்கொண்டவரின் தேவையை முழுவதும் நிரப்புகின்றன. ஆனால் வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதா என்று முடிவு செய்யும்போது அவர் உதவி கேட்கிறாரா என்பதையும் பார்க்கின்றன. கேட்டால் போட்டி இன்னும் இறுகும்.

அதனால் ஒரு தந்திரம் காதுக்குக் காது பரவுகிறது: "உதவி வேண்டாம் என்று போட்டு உள்ளே போய்விடு, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்." தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காவிட்டால் நான்கு ஆண்டுக்கும் கேட்க முடியாது. வேறு பல கல்லூரிகளிலும் இதே மாதிரி விதி இருக்கிறது. முதலாண்டுப் பணத்தைப் புரட்டிக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் வழியில்லாமல் பிள்ளை பாதியில் திரும்புவதைவிட, அந்த இடம் கிடைக்காமல் போவது எவ்வளவோ மேல்.

தேவை சார்ந்த உதவியின் பெரிய குறை வெளிப்படையானது. இடம் கிடைப்பது மிகக் கடினம். ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. ஆகவே இவற்றை மட்டும் வைத்துப் பட்டியல் போடுவதும் தவறுதான்.

இங்கே பெரியா கல்லூரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. 1892 முதல் எந்த மாணவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டு மாணவர் அனைவருக்கும் முதலாண்டு முழுச் செலவையும் கல்லூரியே ஏற்கிறது. அடுத்த ஆண்டுகளில் கோடை விடுமுறையில் வேலை செய்து சிறு பங்கை அவர்கள் தர வேண்டும். படிக்கும் எல்லோரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வளாகத்தில் வேலை செய்வது கட்டாயம். புகழ் பெற்ற பெயர் இல்லை என்பதாலேயே நம் பட்டியல்களில் இது வருவதில்லை. இந்தியக் குடிமக்களுக்கு இன்னொரு வழி கார்னெலில் உள்ள டாடா ஸ்காலர்ஷிப். 2008-ல் டாடா அறக்கட்டளை தந்த 2.5 கோடி டாலர் நிதியிலிருந்து தேவை உள்ள இளங்கலை மாணவர்களுக்குத் தருகிறார்கள். எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவருக்கென்றே ஒதுக்கியது.

அடுத்தது மெரிட் ஸ்காலர்ஷிப். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும், எம்ஐடியும் மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. "என் மகன் ஒலிம்பியாடில் பதக்கம் வாங்கியவன், பிரின்ஸ்டன் ஸ்காலர்ஷிப் தருமா?" என்றால், பதக்கம் இடம் கிடைக்க உதவலாம், பணம் கிடைக்க உதவாது. மெரிட் தருபவை வேறு. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி ஸ்காலர்ஷிப்பும், யுஎஸ்சி எனப்படும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி ஸ்காலர்ஷிப்பும் முழுப் படிப்புக் கட்டணத்தை ஏற்கின்றன, வெளிநாட்டு மாணவருக்கும் உண்டு. வாண்டர்பில்ட்டிலும் இதுபோலப் பெரிய தொகை உண்டு. ஆனால் இவற்றுக்கும் போட்டி ஐவி லீக் அளவுக்கே இருக்கும். முழுப் படிப்புக் கட்டணம் என்றால் தங்குமிடமும் சாப்பாடும் அதில் அடங்காது என்பதையும் மறக்க வேண்டாம். ஆண்டுக்கு 20,000 டாலர் அளவில் அது தனியாக வரும்.

எளிதாகக் கிடைப்பது நடுத்தர மெரிட் தொகைகள்தான். ஆண்டுக்கு 10,000 முதல் 25,000 டாலர் வரை. பணம் ஓரளவு கட்ட முடிந்த, ஆனால் முழுக் கட்டணம் கட்ட விரும்பாத குடும்பத்துக்கு இது நல்ல வழி. கட்டவே முடியாத குடும்பத்துக்கு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் செலவு 55,000 டாலர், மெரிட் 20,000 டாலர். முதலாண்டில் நாம் கட்டுவது 35,000. செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், மெரிட் தொகை பெரும்பாலும் நான்கு ஆண்டும் அப்படியே நிற்கும் என்பதால், ஏற்றம் முழுவதும் நம் தலையில் விழும். நான்காம் ஆண்டில் நாம் கட்டுவது ஏறத்தாழ 41,900. நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 1,53,500 டாலர், ரூபாயில் ஒன்றேகால் கோடிக்கு மேல். ரூபாயின் மதிப்பு இறங்கினால் இன்னும் கூடும். அதே குடும்பத்திடம் தேவை சார்ந்த கல்லூரி ஒன்று ஆண்டுக்கு 6,000 டாலர் தரச் சொன்னால் நான்கு ஆண்டுக்கு 24,000. கட்டணம் ஏறினாலும் குடும்பத்தின் வருமானம் மாறாத வரை உதவியும் சேர்ந்து ஏறும்.

மெரிட்டுக்கு நிபந்தனையும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட ஜிபிஏ-வுக்கு, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணுக்கு, மேல் வைத்திருக்க வேண்டும். முதல் செமஸ்டரில் புது நாடு, புது முறை, தனிமை என்று பிள்ளை தடுமாறினால் அந்தத் தொகையே கேள்விக்குறியாகும். 3.0 என்றால் சமாளிக்கலாம். 3.5 என்று எழுதியிருந்தால், அதிலும் பொறியியல் படிப்பென்றால், அந்தத் தொகை நான்காம் ஆண்டு வரை வரும் என்று நம்பிக் கணக்குப் போட மாட்டேன். தேவை சார்ந்த உதவிக்கு இந்த பயம் குறைவு, படிப்பில் தேர்ச்சியுடன் இருந்தால் போதும். ஆனால் அது ஆண்டுதோறும் மறுபடி அளக்கப்படும். அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தால் உதவி குறையும், வேலை போனால் கூடும். என்னைக் கேட்டால், குடும்பத்தின் நிலையோடு சேர்ந்து அசையும் உதவிதான் பாதுகாப்பானது.

அமெரிக்காவிலேயே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஒப்பீடு வேறு மாதிரி வரும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் ஃபாஃப்சா படிவத்தின் வழியாக மத்திய அரசின் உதவியும் கேட்கலாம். வருமானம் குறைவென்றால் கிடைக்கும், திருப்பித் தர வேண்டாத பெல் கிராண்ட் 2025-26-ல் அதிகபட்சம் 7,395 டாலர். மாணவர் பெயரிலேயே வாங்கும் அரசுக் கடன் முதலாண்டில் 5,500 டாலர் வரை. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கு 2025-ல் வந்த சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர். முன்பு போல மீதியெல்லாம் இதில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. பெற்றோர் எச்-1பி வேலை விசாவிலும் பிள்ளை அதைச் சார்ந்த எச்-4 விசாவிலும் இருக்கும் குடும்பங்களின் நிலைதான் கடினம். அங்கேயே பள்ளிக்கூடம் முடித்திருந்தாலும் ஃபாஃப்சா உதவிக்குத் தகுதி இல்லை. பல தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவராகவே எண்ணும். எச்-4 பிள்ளை வளாக வேலைகூடச் செய்ய முடியாது, 21 வயதில் அந்த விசாவும் முடிந்து எஃப்-1-க்கு மாற வேண்டும். இவர்களுக்கு வெளிநாட்டு மாணவருக்கும் முழுத் தேவையை நிரப்பும் கல்லூரிகள் இன்னும் முக்கியம். 1,50,000 டாலர் வருமானம் இருந்தாலும் ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் படிப்புக் கட்டண வரம்புக்குள்தான் வருகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் இளங்கலைக்கு. எம்எஸ் படிப்புக்குத் தேவை சார்ந்த உதவி கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்டிக்குப் பெரும்பாலும் கட்டணமும் மாத உதவித்தொகையும் கிடைக்கும்.

கடன் மூன்றாவது வழி, வரிசையிலும் அது மூன்றாவதாகவே இருக்கட்டும். கடனே கூடாது என்று சொல்லவில்லை. மேற்சொன்ன இரண்டும் கிடைத்தபின் மீதமிருக்கும் சிறு இடைவெளியை அடைக்கக் கடன் நல்ல கருவி. முழுப் படிப்பையும் கடனில் நிறுத்துவதுதான் ஆபத்து. 50 லட்சம் ரூபாயை நான்கு ஆண்டில் நான்கு சம தவணையாக வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துக் கட்டத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் தனி வட்டியாகவே 15 லட்சம் சேர்ந்திருக்கும். 65 லட்சத்தைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 86,000 ரூபாய். அமெரிக்காவில் வேலை கிடைத்தால் சமாளிக்கலாம். ஆனால் படிப்பு முடிந்தபின் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம்தான். அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கு மட்டும் மேலும் 24 மாதம். பொருளாதாரமோ இலக்கியமோ படிக்கப்போகும் பிள்ளைக்கு, துறை அந்தக் கூடுதல் 24 மாதத்துக்கான வகைப்பாட்டில் வருகிறதா என்று பார்க்காமல் பெரிய கடன் வாங்கக் கூடாது. ஊருக்குத் திரும்பி இங்கே வாங்கும் முதல் சம்பளத்தில் இந்த இஎம்ஐ-யைக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்ற அளவுக்கு மட்டும் கடன் வாங்கலாம்.

ஆகவே விண்ணப்பப் பட்டியல் போடும்போது குடும்பத்தால் உண்மையில் ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்ற எண்ணை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அது 10,000 டாலருக்குள் என்றால், வெளிநாட்டவருக்கும் முழுத் தேவையை நிரப்பும் கல்லூரிகளும் பெரியா போன்றவையும் முழுக்கட்டண மெரிட் தருபவையுமே பட்டியலில் இருக்கட்டும், கூடவே உள்நாட்டில் ஒரு நல்ல கல்லூரி உறுதியாக இருக்க வேண்டும். 30,000 டாலருக்கு மேல் சேமிப்பிலிருந்து தர முடியும் என்றால் நடுத்தர மெரிட் தரும் கல்லூரிகள் பொருத்தம், வாய்ப்பும் அதிகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் இரண்டு பக்கமும் விண்ணப்பித்து, வரும் கடிதங்களை வைத்து முடிவு செய்ய வேண்டியவர்கள். கல்லூரிகளின் தளங்களில், உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்கிட்டுச் சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம். ஆனால் அது முக்கியமாக உள்நாட்டு மாணவருக்காகச் செய்தது. வெளிநாட்டவருக்கெனத் தனிக் கால்குலேட்டர் இருக்கிறதா என்று பார்த்து அதையே நம்புங்கள்.

எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பத்தில், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். உதவி போதவில்லை என்றால் விலகலாம், ஆனால் மற்ற கல்லூரிகளின் உதவியோடு ஒப்பிட முடியாது. முழுத் தேவையை நிரப்பும் கல்லூரிக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

கடிதங்கள் வந்தபின் படிக்க வேண்டிய முறையும் உண்டு. "மொத்த உதவி 62,000 டாலர்" என்று எழுதியிருக்கும், உள்ளே 8,000 கடனும் 3,000 வளாக வேலையும் கலந்திருக்கும். திருப்பித் தர வேண்டாத பணத்தை மட்டும் கூட்டுங்கள். மருத்துவக் காப்பீடும் விமானக் கட்டணமும் செலவுக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், காப்பீடே ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். வரியும் உண்டு. படிப்புக் கட்டணத்துக்குத் தரும் உதவிக்கு வரி இல்லை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு எஃப்-1 மாணவரிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய மாணவருக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, அமெரிக்கர்களுக்கு உள்ள நிலையான கழிவை அனுமதிக்கிறது. அதனால் வரிக் கணக்கு தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்ப வர வாய்ப்புண்டு.

தொகை போதவில்லை என்றால் நிதி உதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். கெஞ்ச வேண்டியதில்லை. விண்ணப்பித்தபின் மாறிய விஷயம் என்ன, அதாவது வேலை போனது, மருத்துவச் செலவு, ரூபாய் மதிப்பு இறங்கியது, அதற்கான ஆவணம் என்ன என்று தெளிவாக எழுதினால் போதும். இன்னொரு கல்லூரி அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணைக்கலாம். வழக்கமாக மே 1-க்குள் எங்கே சேர்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும், எனவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே எழுதுங்கள். அதே மாதத்தில் வங்கிப் பக்கமும் வேலை இருக்கிறது. விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தருவதற்கு முன், உதவி போக முதலாண்டில் மீதமுள்ள தொகைக்கு வங்கி இருப்பையோ கடன் அனுமதிக் கடிதத்தையோ கல்லூரி கேட்கும். நிலத்தின் மதிப்பையோ நகையையோ பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கடன் வாங்கப்போகிறீர்கள் என்றால் அனுமதிக் கடிதம் மே 1-க்கு முன்பே கையில் இருக்கட்டும், இடத்தை உறுதிசெய்யக் கல்லூரிக்குக் கட்டும் வைப்புத்தொகையை அதற்குப் பிறகு கட்டலாம்.